ஒரே வேஃபரில் பிறந்த சிப்புகள் ஏன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ் பக்கம் பேக்டரி வேலைக்குப் போகிறவர் ஒருவர்கூட இல்லாத வீடு குறைவு. பக்கத்துப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது, 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது, அந்தக் காலத்துக்குள் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறப் பழகிவிட்டார்கள். அவர்களில் டெஸ்ட் லைனில் நிற்பவர்கள் ஒரு விஷயத்தைத் தினமும் பார்க்கிறார்கள். ஒரே டிசைன், ஒரே மெஷின், ஒரே வேஃபரிலிருந்து, அதாவது ஒரே வட்டச் சிலிக்கான் தகட்டிலிருந்து, அறுத்து எடுத்த சிப்புகள்தான், ஆனால் சோதித்தால் ஒன்று வேகமாக ஓடுகிறது, அதற்குப் பக்கத்தில் இருந்தது கொஞ்சம் மந்தம், இன்னொன்று தேறவே இல்லை. தேறியவற்றை வேகத்தின்படி தனித்தனி பின்களில் (bin, தரப் பெட்டி) பிரிக்கிறார்கள், விலையும் அதன்படி மாறுகிறது.

இது ஏன் நடக்கிறது என்பது ஒரு கேள்வி. அதைவிட எனக்குப் பிடித்த கேள்வி இன்னொன்று: ஒரு வேஃபர்கூட இன்னும் தயாராகாத நிலையில், சிப் வெறும் வரைபடமாகக் கணினியில் இருக்கும்போதே, "இது இத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடும், நூற்றுக்கு இத்தனை தேறும்" என்று டிசைன் இன்ஜினியர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? படிவம் 5 இயற்பியலும் கூடுதல் கணிதமும் படித்த பிள்ளைக்கு இது புரியும். பினாங்கில் டிசைன் வேலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு இது கட்டாயம் புரிய வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. சிப்புக்குள் கிளாக் என்று ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். பிலிப்-பிளாப் என்ற சின்னச் சின்ன நினைவகங்கள் ஒவ்வொரு துடிப்பிலும் தங்களிடம் வந்த மதிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த பக்கம் அனுப்பும். இரண்டு பிலிப்-பிளாப்புக்கு நடுவில் கணக்கைச் செய்யும் சின்னச் சுற்றுகளான பல கேட்களும் அவற்றை இணைக்கும் உலோகக் கம்பிகளும் இருக்கின்றன, அந்த வழியைத் தடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்பில் கிளம்பிய சிக்னல் அடுத்த துடிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்பே தடத்தின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸ் சிப் என்றால் இரண்டு துடிப்புக்கு நடுவில் இருப்பது சுமார் 333 பிக்கோ வினாடி. அந்த நேரத்தில் ஒளியே வெற்றிடத்தில் 10 சென்டிமீட்டர்தான் போகும். சிப்பில் இருக்கும் எல்லாத் தடங்களிலும் மிக மெதுவான தடம் எதுவோ அதுதான் சிப்பின் வேகத்தை முடிவு செய்கிறது.

தாமதமாக வந்தால்தான் தப்பு என்றில்லை, சீக்கிரம் வந்தாலும் தப்பு. போன துடிப்பின் மதிப்பைப் பிலிப்-பிளாப் பிடித்து முடிப்பதற்குள் புது மதிப்பு பாய்ந்து வந்து அதை அழித்துவிடலாம். முதல் வகையை செட்அப் பிழை என்றும் இரண்டாவதை ஹோல்டு பிழை என்றும் சொல்வார்கள். செட்அப் பிழை உள்ள சிப்பைக் கிளாக்கைக் குறைத்து மெதுவாக ஓட்டிப் பிழைக்க வைக்கலாம், அதனால்தான் குறைந்த வேக பின் என்று ஒன்று இருக்கவே முடிகிறது. ஹோல்டு பிழைக்கு அந்த வழி கிடையாது. கிளாக்கை எவ்வளவு குறைத்தாலும் அந்தப் பந்தயம் அப்படியே இருக்கும், சிப் குப்பைதான்.

சரி, தாமதம் ஏன் சிப்புக்குச் சிப் மாறுகிறது? கேட்டிலிருந்து தொடங்குவோம், அது சில டிரான்சிஸ்டர்களால் ஆனது. டிரான்சிஸ்டரில் மின்சாரம் ஓடும் வழியான சேனலின் நீளம், ஆக்சைடு படலத்தின் தடிமன், எந்த மின்னழுத்தத்தில் அது திறக்கிறது என்ற திறப்பு மின்னழுத்தம், இவை எதுவும் வரைந்தபடி அச்சாக வருவதில்லை. சில மாற்றங்கள் வேஃபர் முழுக்க ஒரே மாதிரி பாதிக்கும்: அன்றைக்கு உலையின் வெப்பம் கொஞ்சம் கூடியிருந்தால் அந்த வேஃபரின் எல்லாச் சிப்பும் சேர்ந்தே மாறும். சில மாற்றங்கள் வேஃபரின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் சாய்வாக வரும். இன்னும் சில, தோளோடு தோள் உரசி நிற்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களுக்குள்ளேயே வேறுபடும். சேனலில் தூவிய கலப்பு அணுக்கள் சராசரியாக 100 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றில் 92 விழும், பக்கத்தில் 109 விழும். இது யாருடைய கவனக்குறைவும் இல்லை. எண்ணிக்கை 100 என்றால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 10. டிரான்சிஸ்டர் சிறியதாகச் சிறியதாக இந்தச் சலனம் பெரிதாகத் தெரியும். ஆய்வாளர் பெல்குரோமும் உடன் பணியாற்றியவர்களும் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை ஒரு விதியாகவே தந்தார்கள்: அருகருகே உள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களின் வேறுபாடு, அவற்றின் பரப்பளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். சேனல் துடுப்பு போல எழுந்து நிற்கும் ஃபின்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகை வந்த பிறகு சேனலில் கலப்பு அணுக்கள் குறைந்ததால் இந்தப் பிரச்சினை ஓரளவு அடங்கியது, ஆனால் விளிம்புகள் சொரசொரப்பாக அமைவது போன்ற வேறு சலனங்கள் அப்படியே இருக்கின்றன.

கம்பிகளைப் பற்றிப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், எனக்கோ அவைதான் சுவாரசியம். கம்பியின் தாமதம் அதன் மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பொறுத்தது. நீளம் கூடினால் இரண்டும் கூடும், ஆக நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். நீண்ட கம்பிகளின் நடுவில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் வைப்பதே இதற்காகத்தான். இப்போது அகலத்துக்கு வருவோம். தயாரிப்பில் ஒரு கம்பி நினைத்ததைவிடக் கொஞ்சம் அகலமாக வந்துவிட்டது என்று வையுங்கள். மின்தடை குறையும், நல்லதுதான். ஆனால் அகலமானதால் பக்கத்துக் கம்பிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது, அதனால் இரண்டுக்கும் நடுவே மின்தேக்குத்திறன் ஏறுகிறது, அது கெட்டது. மொத்தத்தில் தாமதம் கூடுமா குறையுமா? கம்பி குட்டையாக இருந்தால் அதன் சொந்தத் தடை அற்பம், அதை ஓட்டும் கேட்டின் தடைதான் பெரிது, அங்கே மின்தேக்குத்திறன் ஏறியதால் தாமதம் கூடும். கம்பி நீளமாக இருந்தால் அதன் சொந்தத் தடையே பெரிது, அங்கே அகலமானது உதவி செய்யும். ஒரே தயாரிப்பு மாற்றம் ஒரு தடத்துக்கு நல்லதாகவும் இன்னொரு தடத்துக்குக் கெட்டதாகவும் இருக்கிறது. ஆகவே கம்பிகளுக்கு "மோசமான நிலை" என்று ஒன்றே ஒன்றை எடுத்துக் காட்ட முடியாது.

தடிமனிலும் சிக்கல் உண்டு. தாமிரக் கம்பிகளைப் பள்ளத்தில் நிரப்பி, மேலே வழிந்ததை வேதிப்பொருளும் உராய்வும் சேர்த்துத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். தாமிரம் மென்மையானது, அகலமான கம்பியின் நடுப்பகுதி குழிந்துவிடும். கம்பிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் சுற்றியுள்ள காப்புப் படலமும் சேர்ந்து தேயும். இதை வெறும் சலனம் என்று ஒதுக்கக் கூடாது, ஏனென்றால் வரைபடத்தைப் பார்த்தே எங்கே எவ்வளவு தேயும் என்று ஓரளவு கணிக்க முடியும். காலியான இடங்களில் சுற்றோடு சேராத டம்மி உலோகத் துண்டுகளைப் போட்டு நிரப்புவது இந்தத் தேய்மானத்தைச் சீராக்கத்தான். கணிக்க முடிந்ததை முதலில் கணித்துக் கழித்துவிட வேண்டும், மிச்சம் இருப்பதை மட்டும் நிகழ்தகவிடம் விட வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் வீண்.

பழைய முறை என்னவென்றால், எல்லாவற்றையும் மோசமாக வைத்து ஒரு தடவை, எல்லாவற்றையும் வேகமாக வைத்து ஒரு தடவை, நடுத்தரமாக ஒரு தடவை கணக்குப் போடுவது. இவற்றை கார்னர் என்பார்கள். டிரான்சிஸ்டர்கள் மட்டும் முக்கியமாக இருந்த காலத்தில் இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் உலோக அடுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தயாராகிறது, மூன்றாவது அடுக்கு தடித்தும் ஐந்தாவது மெலிந்தும் வரலாம். 10 அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலை என்று எடுத்தாலும் 1024 சேர்க்கைகள் ஆகிவிடும். அத்தனையையும் ஓட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. இதைவிடப் பெரிய குறை இன்னொன்று இருக்கிறது. அதைப் புரியவைக்கப் பேக்டரி பஸ்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

பாடாங் செராயில் கிளம்பி, லூனாஸில் ஆள் ஏற்றி, பட்டர்வொர்த் - கூலிம் நெடுஞ்சாலை பிடித்து, பினாங்குப் பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் போகிற பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் 16 சிக்னல் விளக்கு என்று வைப்போம். ஒவ்வொரு விளக்கும் தன்போக்கில் பச்சையோ சிவப்போ காட்டும், ஒன்றில் நேரம் போனால் இன்னொன்றில் மிச்சமாகும், கடைசியில் மொத்த நேரம் பெரிதாக மாறாது. ஆனால் அடைமழை வந்தால்? எல்லா இடத்திலும் சேர்ந்தே தாமதம், ஈடுகட்ட எதுவும் இல்லை. டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் மாறும் சலனம் விளக்கு மாதிரி, வேஃபர் முழுக்க வரும் மாற்றம் மழை மாதிரி.

எண்ணில் பார்ப்போம். ஒரு தடத்தில் 16 கேட். ஒவ்வொன்றின் சராசரித் தாமதம் 20 பிக்கோ வினாடி, திட்ட விலகல் 2. சராசரிகளைக் கூட்டினால் 320. திட்ட விலகல் எவ்வளவு? எல்லாக் கேட்டும் சேர்ந்தே மாறினால் நேராகக் கூட்டலாம், 32. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் மாறினால் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும், விடை வெறும் 8. மூன்று சிக்மா, அதாவது மூன்று திட்ட விலகல், தள்ளிப் பாதுகாப்பாக வைத்தால் முதல் கணக்கில் 416 பிக்கோ வினாடி, அதாவது சுமார் 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவதில் 344, சுமார் 2.9. தனித்தனிக் கேட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தது இரண்டு கணக்கிலும் அச்சு அசலாக ஒன்றே. கேட்கள் சேர்ந்து மாறுகின்றனவா, தனித்தனியாக மாறுகின்றனவா என்பது மட்டும்தான் வேறு, அதற்கே அரை கிகாஹெர்ட்ஸ் போய்விடுகிறது. சலனத்தின் வர்க்கத்தில் பாதி பொது, பாதி தனி என்று பிரித்தால் விடை நடுவில் வராது, 23.3 வரும். அந்த மொத்தத்தின் வர்க்கத்தில் 94 சதவீதம் பொதுப் பகுதியிலிருந்து வந்தது. தனிச் சலனங்கள் ஒன்றையொன்று விழுங்கிவிடும், பொதுச் சலனம் மட்டும் தலை தூக்கி நிற்கும்.

அப்படியானால் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன என்று வைத்துவிட்டால் பாதுகாப்பு, அவ்வளவுதானே என்று தோன்றும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

ஷிப்ட் தொடங்க ஒரு பஸ் வந்தால் போதாது. சுங்கை பட்டாணி பஸ், பாரிட் புந்தார் பஸ், நம் பஸ் எல்லாம் வந்து லைன் நிறைய வேண்டும், ஆக கடைசியாக வரும் பஸ்தான் கணக்கு. சிப்பும் அப்படித்தான், ஒரு தடம் தவறினாலும் சிப் தவறியது. ஒரு தடம் மூன்று சிக்மாவுக்குள் தேறும் நிகழ்தகவு 99.865 சதவீதம், கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. இப்படிப்பட்ட 1000 தடங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மாறினால் எல்லாம் ஒருசேரத் தேறும் நிகழ்தகவு 26 சதவீதம்தான். அதே 1000 தடங்களும் முழுக்கச் சேர்ந்தே மாறினால் 99.865 சதவீதம் அப்படியே நிற்கும். ஒரு தடத்துக்குள் கூட்டும்போது ஒட்டுறவு, அதாவது சேர்ந்து மாறும் தன்மை, நமக்கு எதிரி. தடங்களுக்கு நடுவே பெரியதைத் தேர்ந்தெடுக்கும்போது அதே ஒட்டுறவு நமக்கு நண்பன். எனவே "சேர்ந்தே மாறும்" என்று ஊகித்தாலும் ஆபத்து, "தனித்தனியே மாறும்" என்று ஊகித்தாலும் ஆபத்து. பாதுகாப்பான ஊகம் என்று ஒன்று இங்கே கிடையாது. யார் யாரோடு சேர்ந்து மாறுகிறார்கள் என்பதை முதல் கேட்டிலிருந்து கடைசி பிலிப்-பிளாப் வரை மறக்காமல் எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

அதைச் செய்வதுதான் புள்ளியியல் நேர ஆய்வு. ஒவ்வொரு தாமதத்தையும் ஒற்றை எண்ணாக எழுதாமல் ஒரு சின்னச் சமன்பாடாக எழுதுகிறார்கள்: சராசரி, அதோடு சேனல் நீளத்தின் விலகல் இத்தனை பங்கு, மூன்றாவது உலோகத்தின் தடிமன் விலகல் இத்தனை பங்கு, இப்படி ஒவ்வொரு பொதுக் காரணத்துக்கும் ஒரு பங்கு, கடைசியில் அந்தக் கேட்டுக்கே உரிய தனிச் சலனம் ஒன்று. இரண்டு தாமதங்களைக் கூட்டும்போது பொதுப் பங்குகள் நேராகக் கூடும், தனிச் சலனம் வர்க்கமாகக் கூடும். மேலே 16 கேட்டுக்குப் போட்ட கணக்கேதான் இது. இரண்டு வழிகள் ஒரு கேட்டில் சந்திக்கும்போது பெரியதை எடுக்க வேண்டும், அது கொஞ்சம் சிரமம், ஏனென்றால் இரண்டு இயல்நிலைப் பரவல்களில் பெரியது இயல்நிலைப் பரவலாக இருக்காது. இதற்கான தோராய வாய்பாட்டை கிளார்க் என்ற ஆய்வாளர் 1961-இலேயே எழுதி வைத்திருந்தார், சிப் நேரத்தை நினைத்து எழுதியது அல்ல, 40 ஆண்டு கழித்துச் சிப்புக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சராசரி 320, விலகல் 8 என்று சம்பந்தமில்லாத இரண்டு தடங்கள் சந்தித்தால் பெரியதன் சராசரி 320 அல்ல, 324.5. ஒவ்வொரு சந்திப்பிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், சாதாரணக் கணக்கு இதைப் பார்ப்பதே இல்லை. விஸ்வேஸ்வரையாவும் அவருடைய ஐபிஎம் சகாக்களும் 2004-இல், இந்தச் சமன்பாட்டு வடிவத்தை வைத்துச் சுற்று முழுவதையும் ஒரே நடையில் கடந்துபோகும் முறையை விளக்கினார்கள். தடங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை என்பது இதன் பெரிய பலம், ஏனென்றால் சுற்று வளர வளரத் தடங்களின் எண்ணிக்கை கணக்கில் அடங்காமல் பெருகும். கணக்கு முடிவில் கிடைப்பது ஒரு வேகம் அல்ல, ஒரு வளைகோடு: எந்த வேகத்தில் எத்தனை சதவீதம் தேறும் என்று. டெஸ்ட் லைனில் பின் பின்னாகப் பிரிப்பது இந்த வளைகோட்டைத்தான்.

மான்டி கார்லோ என்ற இன்னொரு வழியும் உண்டு. கணினியில் ஆயிரக்கணக்கான சிப்புகளைச் சீட்டுக் குலுக்குவது போலச் செய்து ஒவ்வொன்றையும் அளப்பது. நம்பகமானது, எந்தப் பரவலுக்கும் பொருந்தும், ஆனால் துல்லியத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு சிப்புகள் வேண்டும். பெரிய சிப் முழுவதற்கும் இது கட்டுப்படியாகாது. ஒரு கேட்டை அளக்கவும், வேகமான முறை சரியாகச் சொல்கிறதா என்று சரிபார்க்கவும்தான் இதை அதிகம் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் இந்தப் புள்ளியியலுக்குள் போட்டுக் கலக்காதீர்கள், புதியவர்கள் அடிக்கடி கலக்கிறார்கள். தயாரிப்பு மாற்றம் ஒரு சிப்புக்கு ஒரு தடவை நடந்து முடிந்தது, அதில் சில சிப்புகள் தவறினால் கழித்துவிடலாம். வெப்பநிலை ஒரே சிப்பில் காலையும் மாலையும் மாறுவது, விற்ற சிப் ஒவ்வொன்றும் எந்த வெப்பநிலையிலும் ஓடியாக வேண்டும். அதற்கு எல்லை வைத்துச் சோதிப்பதுதான் முறை.

இன்றைக்கு நடைமுறையில் பெரும்பாலும் கலவைதான். வேஃபர் முழுக்க வரும் பொது மாற்றத்துக்குக் கார்னர்களையே வைத்துக்கொண்டு, கேட்டுக்குக் கேட் மாறும் சலனத்துக்கு மட்டும் ஒவ்வொரு கேட்டுக்கும் சிக்மா அட்டவணை போட்டு வர்க்கமாகக் கூட்டுகிறார்கள். கிளாக் போகும் பாதையில் இரண்டு பிலிப்-பிளாப்புக்கும் பொதுவான பகுதி இருந்தால், அதே பகுதி ஒரே நேரத்தில் மெதுவாகவும் வேகமாகவும் இருக்க முடியாது, ஆகவே அந்தப் பொய்யான வித்தியாசத்தையும் கழித்துவிடுகிறார்கள். மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் சிப்புகளில் தாமதத்தின் பரவல் ஒரு பக்கம் வால் நீண்டு சாய்ந்துவிடும், அங்கே சராசரியும் சிக்மாவும் மட்டும் போதாது, சாய்வையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வீட்டில் லேப்டாப் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். விரிதாளில் 1000 வரிசை, 16 பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் சராசரி 20, விலகல் 2 உள்ள இயல்நிலைத் தற்செயல் எண் ஒன்றைப் போட்டு, வரிசையைக் கூட்டி, அந்த 1000 கூட்டுத்தொகைகளின் திட்ட விலகலைக் கேளுங்கள், 8-ஐ ஒட்டி வரும். அப்புறம் ஒரு வரிசையின் 16 கட்டத்துக்கும் ஒரே தற்செயல் எண்ணைப் போடுங்கள், 32-ஐ ஒட்டி வரும். அடுத்ததாக, முதலில் செய்தது போலவே இன்னொரு தாளில் இரண்டாவது தடம் ஒன்று செய்து, வரிசைக்கு வரிசை இரண்டில் பெரியதை எடுத்து அதன் சராசரியைப் பாருங்கள். 324-க்கு மேலே நிற்கும். இரண்டு தாளுக்கும் பொதுவாக ஒரு பத்தியைச் சேர்த்து அதன் விலகலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், கூட்டுத்தொகைகளின் விலகல் ஏறிக்கொண்டே போகும். பெரியதன் சராசரியோ, பொதுப் பத்தியின் சராசரியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அதே 324.5-ஐ ஒட்டி நிற்கும். இரண்டு தடங்களையும் பிரிப்பது அவற்றின் தனிச் சலனம் மட்டும்தான், பொதுப் பத்தி அதைத் தொடுவதே இல்லை.